கடைசியாகக் கைகொடுப்பவர் யார்? வோல்டர் பஜற்றின் வாழ்க்கை

என் அம்மாவிடம் ஒரு சேமிப்புப் புத்தகம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, நகை அடகு வைத்த துண்டு ஆகியவற்றோடு சேர்த்து அதையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டார். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போன ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு நடந்தோம். அந்தப் பையை மட்டும் அம்மா விடவில்லை. முகாமில் கூடாரத்துக்கு வெளியே அந்தத் தாள்களை வெயிலில் விரித்துக் காயவைத்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் இருந்தார். மீள்குடியேறி ஊருக்குத் திரும்பியபோது நாங்கள் காசு போட்டிருந்த வங்கி அங்கே இருக்கவில்லை. புத்தகத்தில் தொகை இருந்தது, முத்திரையும் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

நான் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். மத்திய வங்கியின் தொழில்கள் என்ற பாடத்தில், வங்கிகளுக்கு இறுதிக் கடன் வழங்குநராக இருத்தல் என்றொரு வரி வரும். பரீட்சைக்குப் பிள்ளைகள் மனனம் செய்யும் வரி அது. வேறெவரும் கடன் தர முன்வராத நேரத்தில், கடைசியாக நின்று கைகொடுப்பவர் என்று பொருள். பல வருடங்கள் அந்த வரியை நானும் எழுதிப் போட்டுவிட்டுக் கடந்துபோயிருக்கிறேன். அம்மாவின் புத்தகத்தை நினைத்துக்கொண்டு அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் வோல்டர் பஜற்றின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன்.

பீதியின் காலத்தில் பிறந்தவர்

இங்கிலாந்தின் தென்மேற்கே சமர்செற் பிரதேசத்தில் லாங்போர்ட் என்றொரு சிறிய ஊர். பஜற் அங்கே 1826ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி பிறந்தார். அதற்கு ஓரிரு மாதங்கள் முன்புதான், 1825 டிசம்பரில், இங்கிலாந்து பெரியதொரு வங்கிப் பீதியைக் கண்டிருந்தது. நாட்டுப்புற வங்கிகள் பல்லாயிரம் பேரின் காசோடு ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பஜற்றின் தாயாரான எடித்தின் குடும்பத்துக்குச் சொந்தமான ஸ்டக்கி வங்கி அந்தப் புயலில் தப்பி நின்றது. தந்தையார் தோமஸ் அதே வங்கியை நிர்வகித்தவர். அன்றைய வழக்கப்படி அந்த வங்கி தன் பெயரிலேயே நாணயத்தாள் அச்சிட்டு வெளியிட்டது. ஊர்ச் சந்தையில் மாடு விற்றவரும் தானியம் விற்றவரும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டதற்கு அந்தக் குடும்பத்தின் மீதிருந்த நம்பிக்கையைத் தவிர வேறு காரணம் இல்லை.

வசதியான வீடு என்றாலும் நிம்மதியான வீடு என்று சொல்ல முடியாது. தாயார் அறிவாளி, கலகலப்பானவர். ஆனால் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இடையிடையே மனநோய் வந்து வந்து போனது. அவருடைய முதல் திருமணத்துப் பிள்ளைகளில் ஒருவர் மனவளர்ச்சி குன்றியவர். தாயாரைத் தேற்றி ஆற்றுப்படுத்தும் வேலை பெரும்பாலும் வோல்டரிடமே வந்து சேர்ந்தது. நேற்று வரை நன்றாக இருந்த ஒருவர் ஒரு பொழுதில் நிலைகுலைவதையும், பக்கத்தில் ஒருவர் பதறாமல் நின்றால் மெல்ல மெல்லத் தெளிவதையும் சிறுவயதிலிருந்தே அவர் பார்த்து வளர்ந்தார். பின்னாளில் வங்கிப் பீதியைப் பற்றி எழுதும்போது அதை ஒரு நோய் போலப் பார்த்து, அதற்கு மருந்து தேடிய அவருடைய அணுகுமுறைக்கு இந்த வீடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

தந்தையார் யுனிற்றேரியன் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அங்கிலிக்கன் திருச்சபை மீதான பற்றுறுதியை அப்போது வற்புறுத்தியதால், மகனை இலண்டன் யுனிவேர்சிற்றி கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே பட்டமும் முதுமாணிப் பட்டமும் தங்கப் பதக்கமும் பெற்ற பஜற், பிறகு சட்டம் படித்தார். ஆனால் வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை.

1851ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பாரிஸில் இருந்தார். டிசம்பர் 2ஆம் திகதி லூயி நெப்போலியன் பாராளுமன்றத்தைக் கலைத்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. இருபத்தைந்து வயது பஜற் அதைப் பார்த்து ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றுக்குத் தொடர் கடிதங்கள் எழுதினார். சதி செய்தவரை அவற்றில் நியாயப்படுத்தினார். கடைகள் திறக்க வேண்டும், மக்கள் உழைத்துச் சாப்பிட வேண்டும், அதற்கு ஒழுங்கு முதலில் வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதை வாசித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒழுங்கின் பெயரால் என்னென்ன செய்யலாம் என்பதை அறிந்த மண்ணிலிருந்து வாசிக்கிறேன். ஆனாலும் அவருடைய வாழ்நாள் அச்சம் எது என்பது இந்தக் கடிதங்களில் தெரிகிறது. சாதாரண வாழ்க்கை ஒருநாள் திடீரென்று நின்றுபோய்விடும் என்ற அச்சம் அது.

வங்கியும் பத்திரிகையும்

ஊர் திரும்பிய பஜற் குடும்ப வங்கியில் சேர்ந்தார். கணக்கேடுகளில் அவருக்கு அவ்வளவு பிரியம் இல்லை. ஆனால் வங்கி முகாமைத்துவம் அவருக்குப் பிடித்திருந்தது. கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்துக் கணிப்பது, எந்தப் பிணை தேறும், எது தேறாது என்று தீர்மானிப்பது எல்லாம் அங்கேதான் கைவந்தன. பிற்காலத்தில் ஸ்டக்கி வங்கியின் பிரிஸ்டல் கிளையைப் பொறுப்பேற்று நடத்தினார். அதே காலத்தில் இலக்கியக் கட்டுரைகளும் எழுதி வந்தார்.

1857இல் ஜேம்ஸ் வில்சனைச் சந்தித்தது அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. எக்கொனொமிஸ்ட் பத்திரிகையை 1843இல் தொடங்கியவர் வில்சன். சார்ட்டர்ட் வங்கியை நிறுவியவரும் அவரே. அந்த வங்கி பின்னாளில் கொழும்பிலும் கிளை திறந்தது. வில்சனின் மூத்த மகள் எலைசாவை 1858இல் பஜற் மணந்தார். அடுத்த வருடம் வில்சன், பிரித்தானிய இந்தியாவின் நிதிப் பொறுப்பை ஏற்றுக் கல்கத்தாவுக்குப் போனார். இந்தியாவில் முதன்முதலாக வருமான வரியைக் கொண்டுவந்த அவர், 1860 ஓகஸ்ட்டில் வயிற்றுளைவு நோயால் அங்கேயே இறந்தார். பத்திரிகையின் பொறுப்பு மருமகனுக்கு வந்தது. 1861 முதல் சாகும்வரை பஜற் எக்கொனொமிஸ்டின் ஆசிரியராக இருந்தார். ஒரு கையில் வங்கி, மறு கையில் பேனா. வங்கிகளின் உட்புறத்தை அறிந்த ஒருவர் வாராவாரம் வெளியுலகத்துக்கு எழுதினார் என்பதே அந்தப் பத்திரிகையின் பலமாயிற்று.

கறுப்பு வெள்ளி

இலண்டனில் லொம்பார்ட் வீதி என்பது வங்கிகளின் தெரு. அங்கே ஓவரென்ட் கர்னி என்றொரு பெரும் நிறுவனம் இருந்தது. வியாபாரிகளின் உண்டியல்களைக் கழிவுக்கு வாங்கி விற்பது அதன் தொழில். பெயரிலும் செல்வாக்கிலும் இங்கிலாந்து வங்கிக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணப்பட்டது. புதிய தலைமுறைப் பங்காளிகள் அதன் காசைத் தேறாத முயற்சிகளில் கொட்டினார்கள். உள்ளே ஓட்டை விழுந்த பிறகு, 1865இல் அதை ஒரு வரையறுத்த கம்பனியாக்கிப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள்.

1866ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி, வியாழக்கிழமை, அது கதவை மூடியது. அடுத்த நாளை இலண்டன் கறுப்பு வெள்ளி என்று நினைவு வைத்திருக்கிறது. லொம்பார்ட் வீதியில் சனம் நெரிந்தது. நல்ல வங்கி, கெட்ட வங்கி என்ற வேறுபாடு அன்றைக்கு எவருடைய கண்ணுக்கும் தெரியவில்லை. தன் காசு எந்த வங்கியில் இருந்ததோ அந்த வங்கி எல்லோருக்கும் சந்தேகத்துக்குரியதாயிற்று.

இங்கிலாந்து வங்கி அன்று இரண்டு காரியங்களைச் செய்தது. உள்ளுக்குள் அழுகிப்போன ஓவரென்ட் கர்னியைக் காப்பாற்ற மறுத்திருந்தது. ஆனால் நல்ல பிணையோடு வந்த மற்ற நிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுத்தது. அந்த ஒரே நாளில் ஏறத்தாழ 40 இலட்சம் பவுண் கடனாக வெளியே போனது. கையிருப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. சட்டம் விதித்த நாணயத்தாள் எல்லையை மீற நேர்ந்தால் அரசு பொறுத்துக்கொள்ளும் என்று திறைசேரி எழுத்தில் உறுதி கொடுத்தது. வட்டி வீதம் 10 சதவீதத்துக்கு உயர்த்தப்பட்டு மூன்று மாதங்கள் அப்படியே வைக்கப்பட்டது. பீதி அடங்கியது. ஆனாலும் வேறு பல வங்கிகளும் கம்பனிகளும் விழுந்தன, வேலைகள் போயின. ஓவரென்ட் கர்னியின் பணிப்பாளர்கள் மீது 1869இல் மோசடி வழக்கு நடந்து, அனைவரும் விடுதலையானார்கள்.

பஜற் அந்த நாட்களை ஒரு வங்கியாளராகவும் பத்திரிகையாளராகவும் உள்ளிருந்து பார்த்தார். பிறகு ஏழு வருடங்கள் அதையே யோசித்தார். 1873இல் அந்தத் தெருவின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் வெளியிட்டார்.

புத்தகம் சொன்னது

அவர் கண்டதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். ஊரில் சீட்டுப் பிடிக்கிற ஒரு அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையானவர். கட்டிய காசு ஒருவருடைய வீட்டுக் கூரையிலும் இன்னொருவருடைய படகு இயந்திரத்திலும் போயிருக்கிறது. அவர் ஊரை விட்டுப் போகப்போகிறார் என்று ஓர் இரவில் கதை பரவுகிறது. விடிய எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். அவர் களவெடுக்கவில்லை. ஆனாலும் கூரையைக் கழற்றி அந்தக் காலையிலேயே காசாக்க முடியாது. கதை பொய்யாக இருந்தாலும் அவர் முறிந்துபோவார். வங்கியும் இப்படித்தான். எந்த நேரமும் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய காசை, உடனே திரும்பி வராத இடங்களில் கொடுத்து வைத்திருக்கிறது. வரிசையில் முன்னுக்கு நிற்பவருக்குக் கிடைக்கும், பின்னுக்கு நிற்பவருக்குக் கிடைக்காது. அதனால் எல்லோரும் முன்னுக்கு ஓடுகிறார்கள். ஓடுபவர்கள் மூடர்கள் அல்ல. ஒவ்வொருவரும் தனித்தனியே சரியானதைத்தான் செய்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து செய்வதால்தான் வங்கி விழுகிறது.

இங்கிலாந்தின் எல்லா வங்கிகளும் தங்கள் கையிருப்பைக் கடைசியில் ஓரிடத்தில், இங்கிலாந்து வங்கியில், வைத்திருந்தன. அப்படியானால் ஆபத்து வேளையில் அந்தக் கையிருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதில் பயனில்லை என்றார் பஜற். அது தேசத்தின் கையிருப்பு. பீதி வந்தால் தயங்காமல், தாராளமாக, விரைவாகக் கொடுக்க வேண்டும். உண்மையில் தேவையுள்ளவர் மட்டும் வருவதற்காக வட்டியை உயர்வாக வைக்க வேண்டும். சாதாரண காலத்தில் நல்லது என்று ஏற்கப்படும் எந்தப் பிணையையும் பீதிக் காலத்திலும் ஏற்க வேண்டும். உள்ளே அழுகிப்போனவர்களை விழ விட வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்றையும் சொன்னார். இப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்து வைக்க வேண்டும். கடைசியில் கைகொடுக்க ஓர் ஆள் உண்டு என்று தெரிந்தாலே பாதிப் பேர் வரிசைக்கு வரமாட்டார்கள்.

இங்கிலாந்து வங்கியின் பணிப்பாளர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தாங்கள் ஒரு தனியார் வங்கி, மற்றவர்களுடைய கவலையீனத்துக்குத் தாங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. அதிகாரம் உங்களிடம் இருக்கும்போது பொறுப்பும் உங்களுடையதே என்பதுதான் பஜற்றின் பதில். அவருக்கும் முன்பே, 1802இல், ஹென்றி தோர்ன்டன் இதே திசையில் எழுதியிருந்தார். ஆனால் இதை ஆட்சியாளருக்கும் வியாபாரிக்கும் விளங்கும் மொழியில் எழுதி நிலைக்கச் செய்தவர் பஜற்.

பாராளுமன்றம் போக அவர் பலமுறை முயன்றார், முடியவில்லை. 1866இல் பிரிட்ஜ்வோட்டர் தொகுதியில் 7 வாக்குகளால் தோற்றார். வாக்குக்குக் காசு கொடுப்பதில் பெயர்போன தொகுதி அது. ஆனாலும் நிதியமைச்சர்கள் அவரிடம் ஆலோசனை கேட்டார்கள். அரசு குறுகிய காலக் கடன் வாங்குவதற்கு, வியாபாரிகளின் உண்டியலைப் போலவே ஒரு பத்திரம் வெளியிடலாம் என்று அவர் கொடுத்த யோசனைதான் 1877இல் பிரித்தானியத் திறைசேரி உண்டியலாயிற்று. இன்று எங்கள் பத்திரிகைகளில் வாராவாரம் வரும் திறைசேரி உண்டியல் ஏலச் செய்திகளுக்கும் அதுவே மூலம்.

அதே 1877ஆம் ஆண்டு மார்ச்சில் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. பிறந்த ஊரான லாங்போர்டிலேயே மார்ச் 24ஆம் திகதி இறந்தார். வயது 51. பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டுக்கு அருகே உள்ள தேவாலய முற்றத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

கொழும்புக்கு வந்த பீதி

அவர் இறந்து ஏழு வருடங்களின் பின், அவர் எழுதியது இலங்கையிலேயே நடந்தது. 1869இலிருந்து இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டு வந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே 3ஆம் திகதி கதவை மூடியது. அந்த வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களே அப்போது இலங்கையில் பெருமளவில் புழங்கின. கடைக்காரர் கையிலும் தோட்டத்துச் சம்பளத்திலும் இருந்த தாள் ஒரே காலையில் செல்லாக்காசாகும் நிலை. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், இலண்டனின் அனுமதிக்குக் காத்திராமல், அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். பீதி அடங்கியது. அதே வருடம் சட்டம் இயற்றப்பட்டு, நாணயத்தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஆனால் கோர்டனின் உறுதி தாள் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே. வங்கியில் வைப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்த உறுதி இல்லை. கோப்பியோடு சேர்த்து வேலையையும் இழந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தொழிலாளர்களுக்கும் எந்த உறுதியும் இல்லை.

பஜற்றிடம் நான் கேட்க விரும்பும் கேள்வியும் இதுதான். அவருடைய விதி நல்ல பிணையோடு வருபவருக்குரியது. பிணை இல்லாதவர் அவருடைய கணக்கில் இல்லை. ஏழைகளின் வாக்குரிமையை அவர் அச்சத்தோடு பார்த்தார். தன் நாட்டுக்கு வெளியே இருந்த மக்களை நாகரிகத்தில் பிந்தியவர்கள் என்று வரிசைப்படுத்தினார். வீதியில் நின்ற கூட்டத்தின் பயத்தை அவ்வளவு நுட்பமாக விளங்கிக்கொண்டவர், அந்தக் கூட்டத்தில் நின்ற தனி மனிதரின் இழப்பைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

எங்கள் நாட்டில் மத்திய வங்கி 1950இல் வந்தது. வைப்பாளர்களுக்கான காப்புறுதித் திட்டம் 2010இல்தான் வந்தது. 2021இல் அதன் எல்லை 11 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. 2023ஆம் ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டம் விலை உறுதிப்பாட்டோடு நிதி முறைமையின் உறுதிப்பாட்டையும் குறிக்கோளாக எழுதியிருக்கிறது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகும் வங்கிகள் விழவில்லை. அது சிறிய காரியமல்ல. ஆனால் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகளின் உறுதிப்பாடு கருதி அவை விலக்கப்பட்டு, ஊழியர் சேமலாப நிதி போன்ற தொழிலாளர் நிதிகள் அந்தச் சுமையில் பங்கெடுக்க வைக்கப்பட்டன. யாருடைய உறுதிப்பாடு, யாருடைய செலவில் என்ற கேள்வி அன்று போலவே இன்றும் இருக்கிறது.

இப்போது அந்த வரியைக் கரும்பலகையில் எழுதும்போது நான் நிறுத்தி, பஜற்றின் கதையையும் சொல்கிறேன். நம்பிக்கை என்பது பேச்சில் வருவதல்ல, முன்கூட்டியே கொடுத்து, நெருக்கடியில் காப்பாற்றப்படும் வாக்குறுதியில்தான் வருகிறது என்று அவர் காட்டியதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் இன்றும் காசு சேர்ந்தால் வங்கிக்குப் போகாமல் தங்கமாக வாங்கிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதை அறியாமை என்று சொல்லும் கருத்தரங்குகளுக்கு நான் போயிருக்கிறேன். அது அறியாமை அல்ல. கடைசியில் கைகொடுக்க எவரும் வரவில்லை என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

அம்மாவுக்கு இப்போது வேறொரு வங்கியில் கணக்கு இருக்கிறது. அங்கே அவர் போடுவது செலவுக்குத் தேவையான தொகை மட்டுமே. பழைய புத்தகத்தை எறிந்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் பார்த்தபோது, அதற்குப் புதிய பொலித்தீன் பை மாற்றியிருந்தார்.